பிசீன்: டெல்டா பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நான் காரைக்கால்காரி. பாரிஸில் 42 என்ற மென்பொருள் பள்ளியின் நுழைவுப் பயிற்சியான பிசீனை முடித்து, அங்கேயே படித்து, இப்போது மயிலாடுதுறையில் வீட்டிலிருந்தபடி புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன். கல்யாண வீட்டில், பஸ்ஸில், வாட்ஸ்அப்பில் என்று ஒரே சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன்.

1. பிசீன், பிசீன்னு சொல்றீங்களே, அது கோர்ஸா, பரீட்சையா?

இரண்டும்தான். 42 என்பது 2013இல் பாரிஸில் தொடங்கிய மென்பொருள் பள்ளி. பணம் போட்டவர் பிரான்ஸின் தொலைத்தொடர்புத் தொழிலதிபர் சவியே நியெல். ஆசிரியர் கிடையாது, வகுப்பு கிடையாது, கட்டணம் கிடையாது என்று ஆரம்பித்தார்கள். இன்று பல நாடுகளில் 50க்கும் மேற்பட்ட வளாகங்கள் இருக்கின்றன. அந்தப் பள்ளியில் சேருவதற்கு முன் எல்லோரும் கடந்து வர வேண்டிய சுமார் 4 வாரத் தீவிரப் பயிற்சிக்குப் பெயர்தான் பிசீன்.

அந்த 4 வாரமும் நீங்கள் படிக்கிறீர்கள். அவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள். இடம் உண்டா இல்லையா என்பது முடிந்த பிறகுதான் தெரியும். இடம் கிடைக்காவிட்டாலும் கற்றது கற்றதுதான்.

2. ஃபீஸே இல்லைங்கறாங்க. நம்புற மாதிரி இல்லையே?

கல்விக் கட்டணம் நிஜமாகவே இல்லை. விண்ணப்பத்துக்கும் இல்லை, பிசீனுக்கும் இல்லை, அதற்குப் பிறகு வரும் படிப்புக்கும் இல்லை. விமான டிக்கெட், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் உங்கள் கைக்காசு. பாரிஸ் மாதிரி ஊரில் அந்தச் செலவே ஒரு நல்ல காலேஜ் ஃபீஸுக்குச் சமமாகிவிடும். அதனால் "இலவசம்" என்ற சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு நகையை அடகு வைக்க ஓடாதீர்கள்.

"42இல் சீட் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று யாராவது வந்தால் அது ஏமாற்று வேலை. சீட் வாங்கித் தர அங்கே வழியே கிடையாது. கும்பகோணம் பக்கம் ஒரு ஏஜென்ட் இப்படிப் பேசியதை என் காதாலேயே கேட்டேன்.

3. நான் பிளஸ் டூல பயாலஜி குரூப். பி.ஏ. படிக்கிறேன். என்னையெல்லாம் சேப்பாங்களா அக்கா?

சேர்ப்பார்கள். மதிப்பெண் பட்டியல் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான வளாகங்களில் 18 வயது முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். என்னோடு உட்கார்ந்தவர்களில் சமையல்காரர் இருந்தார், தத்துவம் படித்தவர் இருந்தார், பள்ளிக்கூடத்தை முடிக்காதவரும் இருந்தார்.

4. கோடிங் தெரிஞ்சிருக்கணுமா?

வேண்டாம். ஒன்றுமே தெரியாதவர்களை மனதில் வைத்துத்தான் பாடங்களை அமைத்திருக்கிறார்கள். பைத்தான் கொஞ்சம் தெரிந்து வருபவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் சுலபமாக இருக்கும், அப்புறம் எல்லோரும் ஒரே நிலைமைதான். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு வந்து "எனக்குத் தெரியும்" என்று யாரிடமும் பேசாமல் இருந்தவர்கள் இரண்டாவது வாரத்தில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். தட்டச்சு மட்டும் கொஞ்சம் பழகிக்கொண்டு போங்கள். அது உதவும்.

5. எப்படி அப்ளை பண்றது? என்ட்ரன்ஸ் உண்டா?

வளாகத்தின் இணையதளத்தில் பதிவு செய்தால் இரண்டு விளையாட்டுகள் வரும். ஒன்று நினைவாற்றலைப் பார்ப்பது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். மற்றது தர்க்கத்தைப் பார்ப்பது, அதற்கு இரண்டு மணி நேரம் வரை ஒதுக்க வேண்டும். அந்த இரண்டாவதில் விதிமுறை எதையும் சொல்லித் தர மாட்டார்கள். பொத்தான்களைத் தட்டிப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

மின்சாரம் போகாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். மழைக்காலத்தில் நம்ம ஊரில் சாயங்காலம் உட்காருவது வம்பு. தேறினால் ஓர் அறிமுகக் கூட்டம், அதன் பிறகு பிசீன் தேதியைத் தேர்ந்தெடுப்பது. இடங்கள் சீக்கிரம் நிரம்பும் என்பதால் தேதி திறக்கும் நாளில் விழிப்பாக இருங்கள்.

6. சிங்கப்பூர்ல மாமா இருக்கார், அபுதாபில சித்தப்பா இருக்கார். எங்க போறது நல்லது?

டெல்டாவில் வெளிநாட்டில் சொந்தம் இல்லாத தெருவைக் காண்பது அரிது, அதனால் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. பாரிஸைத் தவிர கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக், அபுதாபி, டோக்கியோ, பெர்லின் என்று வளாகங்கள் உண்டு. பாடம் எங்கும் ஒன்றே. மாறுவது மூன்று: பேசும் மொழி, தங்கும் செலவு, விசா.

விசாதான் உண்மையான தடை. ஒவ்வொரு வளாகமும் யாரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதைத் தன் நாட்டுச் சட்டப்படி வைத்திருக்கிறது. சில இடங்களில் அந்த நாட்டில் குடியிருப்பு அனுமதி இருந்தால்தான் கதவு திறக்கும். பிசீனுக்குச் சில வாரம் போய் வரும் விசா வேறு, பிறகு வருடக்கணக்கில் தங்கிப் படிக்கும் விசா வேறு. இரண்டையும் பற்றி அந்த வளாகத்துக்கே மின்னஞ்சல் எழுதி, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு அப்புறம் டிக்கெட் போடுங்கள். மாமா சொன்னார், சித்தப்பா சொன்னார் என்பதெல்லாம் விமான நிலையத்தில் செல்லாது. காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் பாரிஸ் விஷயத்தில் இந்தத் தலைவலி இல்லை. அந்தக் காகிதம் கையில் இருந்தும் இந்தப் பள்ளியைப் பற்றியே கேள்விப்படாமல் இருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

7. எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. தமிழ் மீடியம். அங்க போயி முழிக்கணுமா?

பாடத்தாள்கள் ஆங்கிலத்தில் இருக்கும். பாரிஸில் பிரெஞ்சிலும் உண்டு. படித்துப் புரிந்துகொள்ளும் அளவு ஆங்கிலம் கட்டாயம் வேண்டும். பேசுவதில் இலக்கணம் தவறினால் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே பாதிப் பேர் தவறாகத்தான் பேசுகிறார்கள். பாரிஸ் வளாகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் பிரெஞ்சில்தான் பேச்சைத் தொடங்குவார். பிரெஞ்சு கொஞ்சமும் இல்லாமல் அங்கே போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எது கஷ்டம் தெரியுமா? மொழியைவிட வாயைத் திறப்பது. அதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

8. வாத்தியாரே இல்லைன்னா யாரு சொல்லிக் குடுப்பாங்க?

பக்கத்தில் இருப்பவர். அவருக்கும் தெரியாது என்றால் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர். யாருக்கும் தெரியாவிட்டால் கையேட்டைப் படிக்க வேண்டும், இணையத்தில் தேட வேண்டும், எழுதிப் பார்த்து உடைய விட வேண்டும். காலையில் உள்ளே போனால் வரிசை வரிசையாகக் கணினிகள், நூற்றுக்கணக்கான பேர், பாடத்தாள் திரையில். யாரும் வந்து "ஆரம்பிங்கப்பா" என்று சொல்ல மாட்டார்கள்.

நம்ம பிள்ளைகளுக்கு இதுதான் மிகப் பெரிய அதிர்ச்சி. டியூஷன், கோனார் உரை, முக்கியமான வினாக்களை அடிக்கோடு போட்டுக் கொடுக்கும் சார் என்று வளர்ந்தவர்கள் நாம். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மானம் போய்விடும் என்றும் பழக்கிவிட்டார்கள். அங்கே அந்த வெட்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. புத்திசாலியான ஒரு பையன் ஒரே பிழையோடு நாள் முழுக்க ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பான். எதிர் இருக்கையில் அதே பிழையைக் காலையிலேயே தீர்த்தவர் இருப்பார்.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது நிரல் எழுதுவதல்ல. இரண்டு பக்கமும் திரும்பிப் பெயர் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள், தெரியாததைக் கேளுங்கள். யாருக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள், யாரோடு சேர்ந்து வேலை பார்த்தீர்கள் என்பதையும் பள்ளி கவனிக்கிறது.

9. நாலு வாரத்துல அப்படி என்னதான் பாடம்?

முதல் சில நாள் ஷெல். அதாவது சுட்டெலி இல்லாமல், கருப்புத் திரையில் கட்டளை தட்டி லினக்ஸ் என்ற இயங்குதளத்தை இயக்குவது. கோப்பு உண்டாக்கு, அதன் அனுமதிகளைப் படத்தில் காட்டியபடியே மாற்று, மாற்றிய தேதியும் அதேபோல் இருக்கட்டும் என்று பயிற்சிகள் வரும். கூடவே கிட் என்ற கருவியில் வேலையைச் சமர்ப்பிக்கப் பழக வேண்டும். இதில் தடுக்கி விழுந்தே முதல் இரண்டு நாள் போகும்.

அப்புறம் சி மொழி. 00 முதல் 13 வரை எண் போட்ட தொகுதிகள். ஆரம்பத்தில் திரையில் ஒரே ஓர் எழுத்தை அச்சிடுவீர்கள். பிறகு பாயின்டர், சரங்கள், ரிகர்ஷன், நினைவகத்தை நீங்களே கேட்டு வாங்கும் மேலாக், லிங்க்டு லிஸ்ட், கடைசியில் பைனரி ட்ரீ. எல்லாத் தொகுதியையும் முடிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பாதியில் நின்றவர்களும் தேர்வாகிறார்கள்.

மேலோட்டமாகக் கேட்டால் சின்னப் பயிற்சிதானே என்று தோன்றும். ஓர் உதாரணம்: ஒரு முழு எண்ணைத் திரையில் அச்சிட வேண்டும். ஆனால் எண்ணை நேரடியாக அச்சிட்டுவிடும் பிரிண்ட்எஃப் பயன்படுத்தக் கூடாது, கொடுத்த எழுத்தை அப்படியே வெளியே தள்ளும் ரைட் மட்டும்தான் அனுமதி. 42 என்றால் முதலில் 4, பிறகு 2 வர வேண்டும். பத்தால் வகுத்தால் மீதியாக 2தான் முதலில் கிடைக்கும். அதைத் திருப்ப ஒரு வழி யோசிப்பீர்கள். எதிர்மறை எண் வந்தால் கழித்தல் குறியைப் போட்டுவிட்டு எண்ணை நேர்மறையாக மாற்றுவீர்கள். எல்லாம் சரியாக ஓடும். பிறகு யாரோ -2147483648 கொடுத்துப் பார்ப்பார்கள், உடைந்துவிடும். 32 பிட்டில் அதிகபட்ச நேர்மறை எண் 2147483647தான், ஒன்று இடிக்கிறது. இந்த ஒரே எண்ணால் கம்ப்யூட்டர் எண்களை எப்படி வைத்திருக்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டேன். எந்த வகுப்பிலும் அது எனக்கு மண்டையில் ஏறியதில்லை.

10. ஃபார் லூப்பே போடக் கூடாதாமே? என்ன கொடுமை இது?

ஆமாம், கூடாது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைல் மட்டும்தான். ஸ்விட்ச்சும் கிடையாது. நார்ம் என்று ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது: ஒரு ஃபங்ஷனுக்கு (பெயர் வைத்த ஒரு துண்டு நிரல்) 25 வரிக்கு மேல் கூடாது, ஒரு கோப்பில் 5 ஃபங்ஷனுக்கு மேல் கூடாது, ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டக் கூடாது. இதைச் சரிபார்க்க நார்மினெட் என்று ஒரு கருவியும் உண்டு.

முதலில் எரிச்சலாக இருக்கும். 25 வரிக்குள் அடங்காத வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தே ஆக வேண்டும் என்பதால் கை தானாகவே ஒழுங்காக எழுதப் பழகிவிடுகிறது. ஃபார் தடைக்கு மட்டும் இன்றுவரை எனக்குத் திருப்தியான காரணம் கிடைக்கவில்லை.

11. எங்க அண்ணன் எல்லாத்தையும் சரியாதான் செஞ்சானாம், சைபர் போட்டுட்டாங்களாம். ஏன்?

மூலினெட். இதுதான் இறுதி மதிப்பெண் போடும் தானியங்கி. இதற்கு இரக்கம் கிடையாது. ஒரு தொகுதியில் பயிற்சிகள் வரிசையாக இருக்கும். எந்த இடத்தில் முதல் தவறு வருகிறதோ அங்கேயே திருத்துவது நின்றுவிடும். முதல் பயிற்சியில் கோப்பின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால், மீதிப் பத்தும் பிரமாதமாக இருந்தாலும் சைபர்தான்.

அண்ணனுக்கு நடந்தது அநேகமாக இந்த நான்கில் ஒன்று: வரி முடிவு வேண்டாத இடத்தில் போட்டிருப்பார், தேவையில்லாத கோப்பை சேர்த்து அனுப்பியிருப்பார், நார்ம் மீறியிருக்கும், அல்லது வேலையைச் சேமித்துவிட்டு கிட்டில் தள்ளவே மறந்திருப்பார். தன் கணினியில் ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாமல், அனுப்பியதை வேறொரு கோப்புறையில் புதிதாக இறக்கி, அங்கே கம்பைல் செய்து (இயங்கும் வடிவத்துக்கு மாற்றி) பார்க்க வேண்டும். எச்சரிக்கைகளையும் பிழையாகக் கருதும்படி கம்பைலருக்குச் சொல்லி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு அந்தத் தொகுதியை மறுபடி அனுப்பலாம். சைபர் என்பது அங்கே அன்றாடம் நடப்பது, அதற்காக வீட்டுக்கு போன் போட்டு அழ வேண்டாம்.

12. மார்க் போடறது கூட படிக்கறவங்கதானாமே. ஃப்ரெண்டு பிடிச்சுட்டா போதும்ல?

குறும்புக்கார மன்னார்குடித் தம்பி ஒருவன் கேட்டது. போதாது. உங்கள் வேலையை மற்ற மாணவர்கள் நேரில் உட்கார்ந்து மதிப்பிடுவார்கள். ஒவ்வொரு வரியையும் ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள். அது முடிந்த பிறகு மேலே சொன்ன மூலினெட் தன் பாட்டுக்கு வந்து மதிப்பெண் போடும். நண்பர் 100 கொடுத்து மூலினெட் 0 கொடுத்தால் கையில் நிற்பது 0. அதோடு, கண்மூடித்தனமாக 100 போட்டவர் யார் என்பதும் பதிவாகியிருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் வேலையை மதிப்பிடச் சொல்ல ஒரு புள்ளி செலவாகும். மற்றவர் வேலையை நீங்கள் மதிப்பிட்டால் ஒரு புள்ளி வரவு. ஆக ஒதுங்கியே இருப்பவருக்குப் புள்ளி தீர்ந்துபோய் வேலை நின்றுவிடும். பிறருடைய நிரலைப் படிப்பதில்தான் நான் அதிகம் கற்றேன், குறிப்பாக என்னைவிட நன்றாக எழுதியவர்களுடையதை. "இது எனக்குப் புரியவில்லை, விளக்குங்கள்" என்று மதிப்பிட வந்தவரே சொல்லலாம். சொல்ல வேண்டும்.

13. சாட்ஜிபிடி கிட்ட கேட்டு எழுதிட்டா யாருக்குத் தெரியும்?

மதிப்பிட வருபவர் மூன்றாவது வரியைக் காட்டி "இதை நீக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்டவுடன் தெரியும். நகல் என்று முடிவானால் மதிப்பெண் -42. சைபர் அல்ல, கழித்தல் 42. அடுத்த வீட்டுக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதினாலும் இதே கதைதான்.

மாட்டிக்கொள்ளவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பரீட்சை இருக்கிறது, அங்கே இணையம் கிடையாது. ஒரு கருத்தை விளக்கச் சொல்லிக் கேட்பது வேறு, விடையை வாங்கி ஒட்டுவது வேறு. ஆரம்ப வாரங்களில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

14. பரீட்சை எப்படி இருக்கும்?

வெள்ளிக்கிழமைதோறும். முதல் மூன்றும் 4 மணி நேரம், கடைசிப் பரீட்சை 8 மணி நேரம். கைப்பேசி, குறிப்பேடு, பேச்சு எதுவும் கூடாது. கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். ஒன்றைச் சரியாக முடித்தால்தான் அடுத்தது திறக்கும். தவறாக அனுப்பினால் மறுபடி அனுப்பக் காத்திருக்க வேண்டும், தவறு கூடக் கூடக் காத்திருப்பும் நீளும்.

முதல் பரீட்சையில் சைபர் வாங்குபவர்கள் ஏராளம், பலர் உள்நுழைவதிலேயே தடுமாறுவார்கள். முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் இடையே எவ்வளவு ஏறினீர்கள் என்பதற்கு மதிப்பு உண்டு.

15. குரூப் வேலையில கூட இருக்கறவன் வரவே இல்லன்னா என்ன பண்றது?

ரஷ் என்று வார இறுதியில் வரும் குழு வேலையைப் பற்றிய கேள்வி இது. குழுவைப் பள்ளியே அமைக்கும், தெரிந்தவர்களாகச் சேர முடியாது. மதிப்பீட்டின்போது குழுவில் யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேட்பார்கள். ஒருவர் விளக்கத் தெரியாமல் நின்றால் எல்லோருக்கும் போச்சு. எனவே கெட்டிக்காரர் ஒருவர் தனியாக எழுதி முடித்துவிட்டு மற்றவர்களைத் தூங்க விடுவது இங்கே எடுபடாது. அவர் தன் நேரத்தில் பாதியை மற்ற இருவருக்குச் சொல்லிக் கொடுப்பதில் செலவழித்தாக வேண்டும்.

வராதவரை வெள்ளி இரவே தேடிப் பிடியுங்கள், கூப்பிடுங்கள், செய்தி அனுப்புங்கள். பெரும்பாலும் அவர் சோம்பேறியாக இருக்க மாட்டார், பயந்துபோய் ஒளிந்திருப்பார். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால் பள்ளி ஊழியர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மதிப்பீடு முடிந்த பிறகு சொன்னால் அது சாக்கு.

16. ராத்திரியெல்லாம் அங்கேயே கெடப்பாங்களாமே. பொம்பளப் புள்ளைய எப்படிம்மா அனுப்புறது?

திருவாரூரிலிருந்து ஓர் அம்மா கேட்டார்கள். வளாகம் 24 மணி நேரமும் திறந்திருக்கும், உண்மைதான். இரவு தங்கியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. நான் காலையில் சீக்கிரம் போய், மெட்ரோ ஓடும் நேரத்துக்குள் பெரியப்பா வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். உள்ளே அடையாள அட்டை இல்லாமல் யாரும் நுழைய முடியாது.

ராத்திரி முழித்திருப்பதை வீரமாக நினைக்கும் பையன்கள் உண்டு. மூன்றாவது வாரத்தில் பார்த்தால் தெரியும், ஒரு அரைப்புள்ளியைத் தேடி ஒரு மணி நேரம் திரையை வெறித்துக்கொண்டிருப்பார்கள். தூங்கி எழுந்தவள் வந்து ஒரு நிமிடத்தில் காட்டிக் கொடுப்பாள்.

17. சாப்பாடு?

பாரிஸ் என்றால் லா சாப்பல் பக்கம் இட்லி முதல் கொத்து ரொட்டி வரை எல்லாம் கிடைக்கும், நடத்துபவர்கள் பெரும்பாலும் ஈழத் தமிழர்கள். வளாகம் இருப்பது 17ஆம் வட்டாரத்தில், மெட்ரோவில் போய் வரலாம். தினமும் போக நேரம் இருக்காது. சோறு வடிக்கத் தெரிந்துகொண்டு போங்கள்.

18. ஜூலை ஆகஸ்ட்ல போகணும்னா காலேஜ், வயல் ரெண்டும் இருக்கே?

பாரிஸில் கோடைக்கால பிசீன்கள் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று வரும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்திருந்தால் நம்ம ஊரில் அப்போது குறுவை வயலில் நிற்கும், சம்பாவுக்கு நாற்றங்காலும் தயாராகும். ஒரே பையன் இருக்கும் வீட்டில் அப்பா முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆளுக்குச் சம்பளம் கொடுத்துச் சமாளிக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, பயணச் செலவோடு அதையும் சேர்த்து வைத்துப் பேசுங்கள். கனவைச் சொல்லிக் கேட்பதைவிடக் கணக்கைச் சொல்லிக் கேட்டால் அப்பாக்கள் சீக்கிரம் இறங்கி வருகிறார்கள்.

கல்லூரிக்கு வருகைப் பதிவுதான் பிரச்சினை. நாள் முழுக்க, சனி ஞாயிறு உட்பட உழைக்க வேண்டிய 4 வாரம் இது. கூடவே அரியர் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கிளம்பினால் இரண்டும் போகும்.

19. முடிச்சா டிகிரி கிடைக்குமா? டிஎன்பிஎஸ்சி எழுதலாமா?

பிசீனுக்கு எந்தப் பட்டமும் இல்லை. அதற்குப் பிறகு வரும் முழுப் படிப்பும் இந்தியாவில் பல்கலைக்கழகப் பட்டமாகக் கணக்கில் வராது. பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு அதை வைத்து விண்ணப்பிக்க முடியாது. மென்பொருள் நிறுவனங்களில் பல, எழுதிய நிரலைப் பார்க்கின்றன. சில இன்னமும் பட்டம் கேட்கின்றன.

இறுதியாண்டில் இருப்பவர் படிப்பை விட்டுவிட்டு ஓடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முடித்துவிட்டுப் போங்கள். 42க்கு வயது அவசரம் கிடையாது.

20. எத்தனை மார்க் வாங்கினா செலக்ட் ஆவோம்? கட் ஆஃப் சொல்லுங்க.

கட் ஆஃப் என்று ஒன்றை அவர்கள் அறிவிப்பதில்லை. எத்தனை தொகுதி முடித்தீர்கள், பரீட்சைகளில் எப்படி ஏறினீர்கள், ரஷ்ஷில் கலந்துகொண்டீர்களா, எத்தனை பேரை மதிப்பிட்டீர்கள், கடைசிவரை வந்தீர்களா என்று எல்லாமும் சேர்த்துப் பார்க்கிறார்கள். என்னைவிட அதிக நிலை எட்டிய ஒருவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் யாரோடும் பேசியதே இல்லை. இது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் 8ஆம் பதிலை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இரண்டாவது வாரக் கடைசியில் இருக்கைகள் காலியாவது கண்ணுக்கே தெரியும். முடிவு சில நாள் கழித்து மின்னஞ்சலில் வரும்.

21. கிடைக்கலன்னா ஊர்ல எப்படி முகத்துல முழிக்கறது?

போகும்போதே தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. "ஒரு மாதப் பயிற்சிக்குப் போகிறேன்" என்றால் பொய்யும் இல்லை. வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் லினக்ஸ், கிட், சி மூன்றும் கையில் ஏறியவருக்கு வேலைத் தேடலில் அது நேரடியாக உதவும்.

22. பாஸ்போர்ட்டே இல்ல, காசும் இல்ல. இங்கேயே இது மாதிரி ஒண்ணும் இல்லையா?

அப்படியே இதே மாதிரி என்று சொல்ல முடியாது. நெருங்கி வருபவை இரண்டு. ஸோஹோ நிறுவனம் தென்காசி போன்ற இடங்களில் நடத்தும் பள்ளி, பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களைக் கட்டணமில்லாமல் சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்து இரண்டு வருடம் பழக்குகிறது. அங்கே சொல்லிக் கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், எனவே 8ஆம் பதிலில் சொன்ன அதிர்ச்சி குறைவு.

இரண்டாவது, சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு. ஜேஇஇ வேண்டாம். அதிலும் நுழைவாக 4 வாரம் இருக்கிறது: வீட்டிலிருந்தே பாடம், வாரா வாரம் ஒப்படைப்பு, அப்புறம் நேரில் போய் எழுதும் தகுதித் தேர்வு. விண்ணப்பக் கட்டணம் உண்டு, பிறகு பாடங்களுக்கும் கட்டணம் உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துச் சலுகை கிடைக்கும். 19ஆம் கேள்வியில் பட்டம் கேட்டவருக்கு இதுதான் பொருந்தும். கணிதத்தைக் கண்டால் ஓடுகிறவர்கள் மட்டும் யோசித்துச் சேருங்கள்.

23. லேப்டாப் இல்லைக்கா. போன் மட்டும்தான். இப்பவே ஏதாவது ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் லினக்ஸ் கட்டளைகள், சி கம்பைலர், கிட், விம் எல்லாம் அதிலேயே இறங்கும். சின்ன விசைப்பலகை ஒன்றை ஓடிஜி வயரில் மாட்டிக்கொள்ளுங்கள், விரல் வலிக்காது. வீட்டு மூலையில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் தூசி படிந்து கிடந்தால் இன்னும் நல்லது. விண்டோஸ் இழுக்க முடியாமல் திணறும் அதே பெட்டியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்று தாராளமாக ஓடும்.

முதலில் கோப்பு உண்டாக்க, நகர்த்த, அழிக்க, அனுமதி மாற்றப் பழகுங்கள். தெரியாத கட்டளைக்கு மேன் என்று முன்னால் போட்டால் அதன் கையேடு திறக்கும், யூடியூபுக்கு ஓடாமல் அதைப் படியுங்கள். பிறகு சி. ரைட் மட்டும் வைத்துக்கொண்டு a முதல் z வரை அச்சிடுங்கள், அப்புறம் தலைகீழாக. அது முடிந்தால் 9ஆம் பதிலில் சொன்ன எண் அச்சிடும் ஃபங்ஷனை எழுதிப் பாருங்கள். எழுதியதைத் தெருவில் இன்னொரு பிள்ளையிடம் காட்டி, வரிக்கு வரி விளக்குங்கள். -2147483648 வரும்போது எங்கே உடைகிறது என்று எனக்கும் எழுதி அனுப்புங்கள். விடையை அனுப்ப மாட்டேன், எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.